ஜீப் வரும் தெரு

விடியற்காலையில் கம்பத்திலோ கூடலூரிலோ கோம்பையிலோ போடியிலோ ஒரு தெருமுனையைப் பார்த்தால், தேனி மாவட்டத்தின் வேலை நிலவரம் அங்கே நின்றுகொண்டிருக்கும். சேலைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை, கையில் தூக்குவாளி, பைக்குள் மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாள். இருட்டோடு எழுந்து உலை வைத்து, பிள்ளைகளுக்குச் சோறு எடுத்து மூடி வைத்துவிட்டு வந்த பெண்கள் இவர்கள். ஜீப் வந்ததும் தொடையோடு தொடை ஒட்ட நெருக்கி உட்காருவார்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்ற மூன்று மலைப்பாதைகளில் ஒன்றில் வண்டி ஏறும். கொண்டை ஊசி வளைவுகளையும் சோதனைச் சாவடியையும் தாண்டிக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் அவர்களை இறக்கிவிடும். களை எடுப்பது, கவாத்து, பருவம் வந்தால் செடியின் அடியில் குனிந்து முற்றிய காயாகப் பார்த்துப் பறிப்பது என்று பகல் போகும். சாயங்காலம் அதே ஜீப், அதே வளைவுகள்.

இவர்களில் ஒரு பெண்ணுக்குத் தேனியில் ஒரு ஜவுளிக்கடையிலோ மருத்துவமனையிலோ வேலை காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பத்திலிருந்து தேனி ஏறக்குறைய 40 கிலோமீட்டர். சமவெளிச் சாலை, சொந்த மாநிலம், சொந்த மொழி. ஆனாலும் அந்த வேலை அவருக்குத் தூரம். வீட்டிலிருந்து பேருந்து நிலையத்துக்கு வர வேண்டும், பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும், தேனியில் இறங்கி இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். இரவு கடை மூடியபின் திரும்பி வர என்ன இருக்கிறது என்று யோசிக்க வேண்டும். கிடைக்கும் சம்பளத்தில் பெரும்பங்கு டிக்கெட்டுக்கே போய்விடும். மலை ஏறி மாநிலம் தாண்டும் வேலைக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. காரணம் மிக எளிது: அந்த வேலை தெருவுக்கு வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகிறது. ஒருவருக்கு எந்த வேலை பக்கம், எந்த வேலை தூரம் என்பதைக் கிலோமீட்டர் கல் சொல்வதில்லை. யாரோ வண்டி அனுப்புகிறார்கள், யாரோ கால அட்டவணை போடுகிறார்கள், யாரோ எல்லைக்கோடு கிழிக்கிறார்கள். தூரம் உண்டாவது அவர்களால்தான். கம்பம் பள்ளத்தாக்கில் இதுவரை தூரத்தைக் குறைக்கும் வேலையை அதிகம் செய்திருப்பவர்கள் ஆள் தேவைப்பட்ட முதலாளிகள். வேலை தேவைப்பட்ட மக்களின் பக்கமிருந்து தூரத்தைக் குறைக்க அரசு செய்தது குறைவு.

குடியிருக்கும் இடத்துக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பைப் பொருளாதார அறிஞர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். 1968-இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜான் கெய்ன், சிகாகோ, டெட்ராய்ட் நகரங்களை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். தொழிற்சாலைகள் நகர மையத்தை விட்டுப் புறநகருக்குப் போய்க்கொண்டிருந்தன. கருப்பின மக்களுக்கோ புறநகரில் வீடு கொடுக்க மறுத்தார்கள். வேலை நகர்ந்தது, மக்கள் நகர முடியவில்லை. அவர்களின் வேலையின்மைக்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம் என்று கெய்ன் வாதிட்டார். நம் ஊரில் படம் தலைகீழ். இங்கே வேலை நகரத்துக்குள் இருக்க, ஏழைகளை வெளியே கொண்டுபோய்க் குடிவைக்கிறோம். 2000-இலிருந்து சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்தும் கால்வாய் ஓரங்களிலிருந்தும் குடும்பங்கள் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிழைத்த பெண்ணுக்குக் கான்கிரீட் வீடு கிடைத்தது. அந்த நாலு வீடும் கை நழுவின. அகமதாபாத்தில் 1987-இல் நடந்த ஒரு வீட்டுக் குலுக்கலைப் பின்தொடர்ந்த ஆய்வும் இதைத்தான் காட்டியது. நகர விளிம்பில் நல்ல வீடு கிடைத்தவர்களில் 34 விழுக்காட்டினர் அங்கே குடிபோகவே இல்லை. 32 விழுக்காட்டினர் போய்விட்டுத் திரும்பினார்கள். 14 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் குலுக்கலில் வென்றவர்களின் வருமானம் மற்றவர்களைவிட உயரவில்லை. சொந்த வீடு வேண்டாம் என்று ஒரு ஏழைக் குடும்பம் சொல்கிறது என்றால், பழைய இடத்தில் இருந்த வேலையும் அக்கம்பக்கத்து உறவும் எவ்வளவு பெரிய சொத்து என்று யோசிக்க வேண்டும்.

தேனிக்குத் திரும்புவோம். 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீர் கூடலூரிலிருந்து கீழே இறங்கிப் பள்ளத்தாக்கை இருபோக நெல் விளையும் பூமியாக்கியது. நெல்லுக்குப் பிறகு வாழையும், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கத்துப் பன்னீர் திராட்சையும் வந்தன. தண்ணீர் போன வழியே ஊர்கள் பெருகின. 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. ஏலக்காய் விளையும் மலை ஒரு மாநிலத்திலும், அதைப் பறிக்கும் கைகள் வாழும் ஊர் இன்னொரு மாநிலத்திலும் என்பது அப்போது உறுதியானது. காயின் பயணத்துக்கு மட்டும் எல்லை பெரிய தடையாகவில்லை. இன்றும் இடுக்கியின் ஏலக்காய்க்கு நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் இடுக்கியின் புற்றடியிலும் நம் போடியிலும் நடக்கிறது. சரக்குக்கு இரு பக்கமும் சந்தை இருக்கிறது. அதைப் பறிக்கும் ஆளுக்கோ ஜீப் மட்டும்தான் இருக்கிறது.

இன்னொரு கோடு இதைவிடக் கண்ணுக்குத் தெரியாதது. 2011 கணக்கெடுப்பில் தேனி மாவட்டத்தின் மக்கள்தொகை 12,45,899. அதில் பாதிக்கு மேல் நகர்ப்புறம் என்று பதிவாகியிருக்கிறது. ஆறு நகராட்சிகள், 22 பேரூராட்சிகள். பெரிய நகரம் என்று சொல்ல ஒன்றும் இல்லாத ஒரு மாவட்டத்துக்கு இது வியப்பான கணக்கு. கோம்பை, தேவாரம், பண்ணைப்புரம், உத்தமபாளையம், காமயகவுண்டன்பட்டி, ஓடைப்பட்டி எல்லாம் பேரூராட்சிகள், கூடலூர் நகராட்சி. காகிதத்தில் நகரம் ஆகிவிட்ட இந்த ஊர்களில் நகரத்துக்குரிய வேலை வரவில்லை. தோட்டக் கூலியும் காட்டு வேலையும்தான் இன்னும் பிழைப்பு. 2005-இல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம், பேரைப் போலவே, ஊரகத்துக்கு மட்டுமாக இருந்தது. பக்கத்து ஊராட்சியில் நூறு நாள் வேலைக்கு அட்டை இருந்தது. வரப்பைத் தாண்டி நகராட்சி எல்லைக்குள் குடியிருக்கும், அதே திராட்சைத் தோட்டத்தில் அதே கூலிக்குப் போகும் பெண்ணுக்கு அது கிடைக்கவில்லை. தமிழக அரசு 2022-இல் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்த சில இடங்களில் சோதனையாகத் தொடங்கியது நல்ல முயற்சி, ஆனால் மிகச் சிறியது. இந்த ஊரக வேலைச் சட்டத்தில் ஒரு வாசகத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். வேலை முடிந்தவரை குடியிருக்கும் ஊரிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் கொடுக்கப்பட வேண்டும், அதற்கு அப்பால் என்றால் 10 விழுக்காடு கூடுதல் கூலி தர வேண்டும் என்றது அது. தூரத்துக்கு ஒரு விலை உண்டு, அந்த விலையைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்று நம் சட்டம் ஒன்றே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. பிறகு அதை வேறெங்கும் நாம் பேசுவதில்லை.

மலைக்கு ஏன் போகிறார்கள் என்பதற்குக் கூலிதான் முதல் விடை. ரிசர்வ் வங்கி வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பின்படி 2022-23-இல் கேரளத்தில் ஆண் விவசாயத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி 764 ரூபாய். நாடு முழுவதற்குமான சராசரி 346 ரூபாய். ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் கையில் வாங்குவது இந்த 764-ஐ விடக் குறைவு என்றாலும், கீழே கிடைப்பதைவிடக் கூடுதல். ஆனால் கூலி மட்டும் போதாது. எங்கோ அதிகக் கூலி கிடைக்கிறது என்று தெரிந்தும் போக முடியாதவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். இங்கே போக முடிவதற்குக் காரணம் ஜீப்பும், அந்த ஜீப்பை நிரப்பும் கங்காணியும். எந்தத் தெருவில் யார் வருவார்கள், யாருக்குக் காய் எடுக்கும் கை வேகம், யாருக்கு முன்பணம் தேவை என்று எல்லாம் அறிந்தவர் அவர். வேலைவாய்ப்பு அலுவலகம் செய்ய வேண்டிய வேலையை அவர் செய்கிறார் என்பதை மறுக்க முடியாது.

ஆனால் அந்த வழி முதலாளிக்காகப் போடப்பட்ட வழி. ஜீப் எங்கே போகிறதோ அங்கேதான் வேலை. ஜீப் வராத நாள் வேலையற்ற நாள். கூலியில் குறை இருந்தால் அடுத்த தோட்டத்துக்குத் தானாக நடந்துபோய்க் கேட்க முடியாது, திரும்பி வர வண்டி வேண்டுமே. இன்னும் இரண்டு ஆளை ஏற்றினால் ஒரு ஆளுக்கான செலவு குறையும் என்பதால் வண்டி பிதுங்குகிறது. பனி மூடிய வளைவுகளில் விபத்துகள் நடக்கின்றன. நடந்த பிறகு சில நாள் சோதனையும் அபராதமும் இருக்கும், பிறகு பழையபடி. எல்லை மூடினால் எல்லாமே மூடும். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணை குறித்து இரு மாநிலங்களுக்கும் இருந்த தகராறு கொதித்தபோது குமுளிப் பாதை அடைபட்டது. கீழிருந்து போனவர்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள், மேலே தோட்டங்களில் தங்கியிருந்த தமிழ்க் குடும்பங்கள் பல பயந்து இறங்கி வந்தன. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கில் மூன்று பாதைகளும் மூடின. திறந்த பிறகும் இ-பாஸ் என்றும் சான்றிதழ் என்றும் நாள்கள் போயின. அணையைப் பற்றிய வழக்கிலும் நோயைப் பற்றிய உத்தரவிலும் இந்தப் பெண்களுக்குப் பங்கு இல்லை. வேலை போனது அவர்களுக்குத்தான்.

அரசு போட்ட பாதைகளில் ரயிலைப் பார்ப்போம், ஏனென்றால் அதில் பிரச்சினை மிகத் துல்லியமாகத் தெரிகிறது. மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதை அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 முடிவில் நிறுத்தப்பட்டது. தேனி வரை மீண்டும் ரயில் ஓட 2022 மே வரை ஆயிற்று. போடி வரை ஓட 2023 ஜூன். பதினோரு ஆண்டுகளுக்கு மேல் ரயிலே இல்லை. அந்த இடைவெளியில் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு வெளியே வந்த ஒரு தலைமுறை, மதுரை வேலைகளைப் பேருந்துக் கட்டணத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துக் கைவிட்டிருக்கிறது. சரி, ரயில் வந்தது. காலை எட்டரைக்கு மதுரையில் புறப்பட்டுத் தேனிக்கு வந்தது. மாலை ஆறேகாலுக்குத் தேனியில் புறப்பட்டு மதுரைக்குப் போனது. மதுரையில் குடியிருந்து தேனியில் அலுவலகம் போகிறவருக்கு ஓரளவு சரியான நேரம். தேனியில் குடியிருந்து மதுரையில் வேலைக்கோ கல்லூரிக்கோ போக வேண்டியவருக்கு அந்த ரயிலால் எந்தப் பயனும் இல்லை. பிறகு போடி வரை நீட்டியபோதும் காலையில் வருவதும் மாலையில் போவதுமாகவே அது தொடர்ந்தது. கோடிக்கணக்கில் செலவழித்துப் போட்ட அகலப்பாதை, ஒரு கால அட்டவணையால் ஒரு பக்கத்து மக்களுக்கு மட்டும் வேலைக்குப் போகும் பாதையானது. போடிக்கு அப்பால் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் பக்கம் தண்டவாளமே கிடையாது. லோயர் கேம்ப் வரை ரயில் வேண்டும் என்ற கோரிக்கை பல்லாண்டுப் பழையது. சபரிமலை பக்தர்களின் வசதி அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. தினமும் வேலைக்குப் போகிறவர்களைக் காரணமாகச் சொல்லி யாரும் ரயில் கேட்பதில்லை என்பதே வருத்தமான விஷயம்.

பேருந்தில் நிலைமை மேல். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமில்லாமல் போகலாம். இதனால் ஒரு பெண் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார் என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. அந்த 888-ஐ விட முக்கியமான ஒன்று உண்டு. ஜீப்பில் ஏறும் பெண் கங்காணி சொல்லும் தோட்டத்தில் இறங்குகிறார். பேருந்தில் ஏறும் பெண் தனக்குப் பிடித்த நிறுத்தத்தில் இறங்குகிறார். இரண்டு இடத்தில் வேலை கேட்டுப் பார்க்கலாம், பிடிக்காததை விடலாம். இந்தச் சலுகையின் எல்லையும் நகரப் பேருந்தின் எல்லைதான். ஊர் விட்டு ஊர் போகும் புறநகர்ப் பேருந்தில் முழுக் கட்டணம். ஒரே மாநகரத்துக்குள் குடியிருப்பவருக்கு நகரப் பேருந்து வேலை வரைக்கும் கொண்டுவிடும். 40 கிலோமீட்டர் நீளத்துக்குக் கோவையாக ஊர்கள் கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் அது பாதியில் இறக்கிவிடும்.

இதற்கெல்லாம் ஒரே பதிலாகச் சிலர் சொல்வது: வேலை இருக்கும் ஊருக்குக் குடிபோக வேண்டியதுதானே? போகிறார்கள். திருப்பூருக்கும் கோவைக்கும் சென்னைக்கும் இந்த மாவட்டத்திலிருந்து போனவர்களுக்குக் கணக்கில்லை. போடியில் அரசு பொறியியல் கல்லூரியும், கானாவிலக்கில் மருத்துவக் கல்லூரியும், பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரியும் இருக்கின்றன. படித்தவர்கள் வேலை தேடிப் பள்ளத்தாக்கை விட்டே கிளம்புகிறார்கள். ஆனால் குடிபோவதற்கு முதல் வேண்டும். வங்கதேசத்தின் ரங்பூர் பகுதியில் 2008-இல் நடந்த ஓர் ஆய்வில், பஞ்ச மாதத்தில் நகரத்துக்கு வேலைக்குப் போக ஏழைக் குடும்பங்களுக்கு எட்டரை டாலர், அதாவது ஏறத்தாழ பேருந்துக் கட்டணம் மட்டும் கொடுத்தார்கள். ஒருவரையாவது வேலைக்கு வெளியூர் அனுப்பிய குடும்பங்கள் 22 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடின. அடுத்த ஆண்டு பணம் கொடுக்காதபோதும் பலர் தாமாகவே போனார்கள். சோம்பல் என்று நாம் பேர் வைத்தது, போய்ப் பார்த்து வேலை கிடைக்காவிட்டால் அந்தப் பணமும் போய்விடுமே என்ற பயம். இதோடு வாடகை முன்பணம், தனியாக வரும் பெண்ணுக்கு வீடு தரத் தயங்கும் வீட்டுக்காரர், சாதியையும் மதத்தையும் சுற்றிவளைத்து விசாரிக்கும் வழக்கம் எல்லாம் சேர்கின்றன. கெய்ன் டெட்ராய்ட்டில் கண்டதற்கு நம்மிடம் நேர் உவமை இதுதான். சொந்த ஊரிலும் காலனி ஊருக்கு வெளியே இருப்பது அங்கே வாழ்கிறவர்கள் தேர்ந்தெடுத்ததல்ல.

வேலை செய்யும் இடத்திலேயே வீடு கொடுத்தால் என்ன என்ற கேள்விக்கும் மலை மேலேயே பதில் இருக்கிறது. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகம் தொழிலாளிக்கு வீடு தர வேண்டும் என்றது. மூணாறு தேயிலைத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக லயங்கள் என்ற வரிசை வீடுகளில் வாழ்கின்றன. வேலைக்கு நடந்துபோகும் தூரம்தான். ஆனால் வேலை ஓய்ந்தால் வீடும் போகும். வீட்டுக்காகப் பிள்ளையில் ஒன்று தோட்டத்திலேயே வேலைக்கு நிற்க வேண்டியிருக்கிறது. 2015 செப்டம்பரில் பெம்பிளை ஒருமை என்ற பேரில் அந்தத் தோட்டங்களின் பெண்கள் திரண்டு சாலையில் உட்கார்ந்தபோது கூலியோடும் போனஸோடும் இந்த லயங்களின் நிலையும் பேச்சாயிற்று. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியதில் 70 பேர் மாண்டார்கள். வேலை பக்கத்தில் இருப்பது மட்டுமே நல்ல வாழ்க்கை என்று நான் சொல்லவில்லை. ஒரு முதலாளியின் நிலத்தில், அவர் தரும் கூரையின் கீழ் வாழும்போது அடுத்த வேலைக்குப் போகும் தூரம் கூடிவிடுகிறது. அண்மை ஆண்டுகளில் ஜார்க்கண்ட், அசாம், மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்து ஏலத்தோட்டங்களிலேயே தங்கும் தொழிலாளர்களும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். அவர்களால் ஜீப்பில் போகும் நம் பெண்களின் வேலை நாள் குறையலாம் என்பது உண்மை. அதற்கு அவர்கள் பொறுப்பல்ல.

கொஞ்சம் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு: இடம் என்ன செய்யும், படிப்பும் திறமையும்தான் வேலை தரும் என்பது. இதற்கு ஆதாரமும் இருக்கிறது. 1994 முதல் 1998 வரை அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் ஏழைக் குடும்பங்களுக்குக் குலுக்கல் முறையில் நல்ல பகுதிகளில் வாடகை உதவி கொடுத்துப் பார்த்தார்கள். இடம் மாறிய பெரியவர்களின் வேலையும் வருமானமும் குறிப்பிடும்படி உயரவில்லை. இடம்தான் எல்லாம் என்று சொல்பவர்கள் இந்த முடிவை மறைக்கக் கூடாது. ஆனால் அதே குடும்பங்களின் பிள்ளைகளை வளர்ந்தபின் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. 13 வயதுக்கு முன் இடம் மாறிய பிள்ளைகள் பெரியவர்களானபோது, மாறாதவர்களைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம் சம்பாதித்தார்கள். படிப்பும் திறமையும் முளைப்பது ஏதோ ஓர் இடத்தில்தான். ஜீப்புக்காக அம்மா இருட்டில் கிளம்பிய வீட்டில், தங்கையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தான் தாமதமாக ஓடும் பத்து வயதுப் பெண்ணின் படிப்பில், அம்மாவின் வேலைத்தூரம் சேர்ந்தே இருக்கிறது.

கூட்டம் இல்லாத வழியில் பேருந்தும் ரயிலும் விட்டால் நட்டம் என்பார்கள். ஆனால் அரசு செலவழிக்க முன்வந்த இடம் ஒன்று உண்டு. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பை 706 கோடி ரூபாயில் அரசு நிறுவனமான சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. பாக்ஸ்கான் ஆலைக்காகக் கட்டியது. அதற்கு முன் 2021 டிசம்பரில் தனியார் விடுதிச் சாப்பாட்டால் அந்த ஆலையின் தொழிலாளர்கள் நோயுற்று, மற்றவர்கள் சாலை மறித்ததையும் நாடு பார்த்தது. ஆள் தேவை என்று ஒரு பெரிய ஆலை சொன்னால் தூரத்தைக் குறைக்க அரசிடம் பணமும் வேகமும் இருக்கின்றன என்பதற்கு அந்தக் கட்டடமே சாட்சி. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கட்டியது சரி. கம்பத்தில் கேட்பது அதைவிடச் சிறியது. காலையில் போடியில் புறப்பட்டு, வேலை நேரத்துக்கு முன் மதுரையில் இறக்கி, மாலையில் திரும்பக் கொண்டுவரும் ஒரு ரயில். கூடலூரிலிருந்து தேனி வரை, கடை மூடும் நேரத்துக்கும் ஆஸ்பத்திரி ஷிப்ட் மாறும் நேரத்துக்கும் பொருந்த, கட்டணமில்லாப் பயணம் செல்லுபடியாகும் சில பேருந்துகள். மூன்று மலைப்பாதைகளிலும் இரு மாநிலமும் ஒப்புக்கொண்ட, இருக்கைக்கு ஒரு ஆள் என்று ஓடும் தொழிலாளர் பேருந்து. அணைப் பிரச்சினை வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் அது ஓட வேண்டும் என்ற உடன்பாடு. ஏலக்காய் ஏலத்துக்கு இரு மாநிலத்துக்கும் பொதுவாக ஒரு ஏற்பாடு இருக்க முடியும் என்றால், அதைப் பறிக்கிறவர்கள் போய்வர ஓர் ஏற்பாடு இருக்க முடியாதா?